வட்டிக் கணக்கும் சி.ஏ. தேர்வும்: அவசரமாய்ச் சொன்ன ஒரு பதில்



பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பின் நமதூர்ச் சகோதரர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். பையன் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறான். சிறு வயதில் நம் மக்தபில் ஓதியவன். வாப்பா பேச, மகன் தலை குனிந்து பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஹஜ்ரத், இவன் சி.ஏ. படித்தே தீருவேன் என்று நிற்கிறான். வட்டிக்குக் கணக்கு எழுதுகிற படிப்பு அது, நமக்கு வேண்டாம் என்று பள்ளிவாசல் திண்ணையில் சொல்கிறார்கள். கூடுமா கூடாதா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுகிறோம்."

ஒரு வார்த்தை. அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நமக்கு உடனே பதில் வரவில்லை. ஏனெனில், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு நாம் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோம்.

அன்று கேட்டவர் நம் மதரஸா மாணவர். அரபுக் கல்வியோடு பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுதித் தேறியவர். வாரிசுரிமைச் சட்டத்தை 'சிராஜிய்யா' நூலை வைத்து நாம் நடத்தும்போது மற்றவர்கள் விழி பிதுங்கிக்கொண்டிருப்பார்கள். அவர் மட்டும் விடையை எழுதிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார். 'மின்பரிய்யா' என்று பெயர் பெற்ற கணக்கு ஒன்று உண்டு. ஒருவர் மனைவியையும் இரு மகள்களையும் தாய் தந்தையரையும் விட்டு மரணிக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக வைத்தால் 3, 16, 4, 4 எனக் கூட்டுத்தொகை 27 ஆகிவிடுகிறது. ஆகவே 27 பங்காகப் பிரிக்கிறோம். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகக் குறைகிறது. அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை சொன்னதால்தான் அந்தப் பெயர். இந்தக் கணக்கை நாம் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடை சொன்னவர் அந்த மாணவர்.

அவர் வந்து, "சி.ஏ. படிக்கலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டபோது, வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதன் சாட்சிகள் இருவர் ஆகிய அனைவரையும் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் சபித்த செய்தியை நினைவூட்டினோம். ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸ் அது. "பேணுதலுள்ளவருக்கு இது தேவையா?" என்றோம். ஒரு கிளாஸ் தேநீர் குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவர் மறுபேச்சின்றி எழுந்து போனார்.

இன்று அவர் வளைகுடா நாடு ஒன்றில் கட்டுமானப் பொருள் விற்கும் நிறுவனத்தில் கணக்கு உதவியாளர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியில் பேசும்போது கேட்டார்: "ஹஜ்ரத், மாதக் கடைசியில் நிறுவனத்தின் வங்கிக் கடனுக்கான வட்டியை நான்தான் பதிவு செய்கிறேன். முடியாது என்றால் மறுநாளே வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். என்ன செய்வது?" நாம் தடுக்க நினைத்தது எதுவோ அதையே, படித்துப் பட்டம் பெற்றவருக்குள்ள எந்த மரியாதையும் இல்லாமல், மறுக்கும் வசதியும் இல்லாமல் அவர் செய்துகொண்டிருக்கிறார். நம் பதில் அவரை வட்டியிலிருந்து விலக்கவில்லை. படிப்பிலிருந்து மட்டுமே விலக்கியது.

ஹதீஸை இலேசாக்கிக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அஸ்தஃபிருல்லாஹ். அந்த ஹதீஸ் ஆதாரபூர்வமானது, அதன் எச்சரிக்கை கடுமையானது. நம் பிழை வேறிடத்தில் இருந்தது. ஒரு காரியத்தை உள்ளபடி விளங்கிய பிறகே அதற்கு ஹுக்ம் சொல்ல வேண்டும் என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். தணிக்கையாளர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்பதை அன்று நாம் எவரிடமும் கேட்டு அறிந்திருக்கவில்லை.

ஆகவே இம்முறை அந்த வாப்பாவிடம் ஒரு வாரம் தவணை கேட்டோம். நகரில் நமக்குத் தெரிந்த தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்து கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டோம்.

பட்டயக் கணக்காளர் கழகம் 1949ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அமைந்தது. தேர்வு மூன்று படிகள் கொண்டது. பிளஸ் டூ முடித்தவர் முதலில் அடிப்படைத் தேர்வு எழுத வேண்டும்: கணக்கியல், வணிகச் சட்டங்கள், கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த தாள், பொருளியல் என நான்கு தாள்கள். அடுத்தது ஆறு தாள்கள் கொண்ட இடைநிலை. அதன்பின் ஒரு தணிக்கையாளரிடம் இரண்டு ஆண்டுகள் பயிற்சி. முன்பு இது மூன்று ஆண்டுகளாக இருந்தது. இறுதியாக இன்னும் ஆறு தாள்கள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண் எடுத்தால் போதாது. மொத்தத்தில் 50 விழுக்காடும் எட்ட வேண்டும். ஒரு தாளில் 39 எடுத்தால் மற்றவற்றில் எவ்வளவு எடுத்திருந்தாலும் தேர்ச்சி இல்லை. இடைநிலையில் இரு தொகுதிகளையும் ஒரே முயற்சியில் தாண்டுபவர்கள் சிறுபான்மையினரே.

இனி வேலை. அங்கே நாம் பார்த்தது பெரும்பாலும் அரிசி ஆலை, துணிக்கடை, மருந்துக்கடை ஆகியவற்றின் வரவு செலவு, ஜி.எஸ்.டி. படிவங்கள், வருமான வரிக் கணக்கு, அறக்கட்டளைகளின் தணிக்கை அறிக்கை. ஒருவர் எழுதிய கணக்கு உண்மையா, பொருளும் பணமும் ஏட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று சரிபார்த்துச் சான்று சொல்லும் பணி. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் சூரா பகராவின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். நீதியுடன் எழுதும் எழுத்தர் ஒருவர் வேண்டும் என்றும், எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது என்றும் அதில் அல்லாஹ் கூறுகிறான். எழுதுபவரைச் சபிக்கும் ஹதீஸை உரத்து ஓதிய நாம் எழுதுபவரைத் தேடும் இவ்வசனத்தை அந்த மாணவரிடம் ஓதிக்காட்டவில்லை.

சந்தேகத்திற்குரிய இடங்களும் அங்கே உண்டு. ஏப்ரல் மாதம் வங்கிக் கிளைத் தணிக்கைக் காலம். பயிற்சியில் இருக்கும் மாணவர்களையும் கிளை கிளையாக அனுப்புவார்கள். வட்டிக்குக் கடன் வாங்க விரும்பும் வாடிக்கையாளருக்காக வங்கியில் கொடுக்கும் திட்ட அறிக்கையும் அந்த அலுவலகத்தில்தான் தயாராகிறது. நம் பார்வையில் முதலாவதைவிட இரண்டாவதே அதிகக் கவலைக்குரியது. கிளைத் தணிக்கை நடந்து முடிந்ததைச் சரிபார்ப்பது. திட்ட அறிக்கையோ வட்டி ஒப்பந்தம் உருவாவதற்கே துணை நிற்பது. வங்கித் தணிக்கை குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தவிர்ந்துகொள்வதே பேணுதல் என்பது நம் நிலைப்பாடு. "இந்த இரண்டையும் விட்டு ஒருவர் இத்தொழிலில் இருக்க முடியுமா?" என்று அந்தத் தணிக்கையாளரிடம் கேட்டோம். அவர் முஸ்லிம் அல்லர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஊழியராக இருந்தால் கடினம். சொந்தக் கையெழுத்து வந்துவிட்டால் எந்த வேலையை எடுப்பது என்பது உங்கள் விருப்பம். எனக்குச் சாராயக்கடைக் கணக்கு பிடிக்காது, எடுப்பதில்லை."

அந்த வார்த்தை நம்மைச் சிந்திக்க வைத்தது. வளைகுடாவில் இருக்கும் நம் மாணவரிடம் இல்லாதது அந்தக் கையெழுத்துதான்.

வட்டிக் கணக்கைப் படிப்பதே பாவமாகாதா என்று திண்ணையில் ஒருவர் கேட்டாராம். தேர்வில் தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் வரும்தான். ஃபிக்ஹு நூல்களில் வட்டியின் வகைகளை நாமும் பக்கம் பக்கமாகப் படிக்கவில்லையா? மற்றவர்கள் நன்மையைப் பற்றிக் கேட்டபோது, தம்மை வந்தடைந்துவிடுமோ என்ற அச்சத்தில் தாம் தீமையைப் பற்றிக் கேட்டு வந்ததாக ஹுதைஃபா (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. மார்க்க விளக்கம் உள்ளவரே நம் சந்தையில் விற்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் ஆணையிட்டார்கள். இன்றைய சந்தையின் வட்டி விலைப்பட்டியலுக்குள்ளும் தவணைத் திட்டத்துக்குள்ளும் ஒளிந்து வருகிறது. அதைப் பிரித்துக் காட்டத் தெரிந்தவர் நம் மஹல்லாவில் எத்தனை பேர்?

மஹல்லாவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறோம். வக்ஃப் சொத்தின் வரவு செலவை முத்தவல்லி முறையாக எழுதி ஆண்டுதோறும் வாரியத்திடம் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1995ஆம் ஆண்டின் வக்ஃப் சட்டம் கூறுகிறது. பல ஊர்களில் நடப்பது என்ன? வாடகை ரசீதுகள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும். கந்தூரிச் செலவும் மின் கட்டணமும் ஒரே நோட்டில் இருக்கும். மார்ச் மாதம் வந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு ஓடுவார்கள். மோசடி என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அறியாமைதான். ஆனால் அறியாமையால் தொலைந்த வக்ஃபும் தொலைந்ததுதானே! எகிப்தின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு கேட்ட யூஸுஃப் (அலை) அவர்கள் தம் தகுதியாக இரண்டைக் குறிப்பிட்டார்கள்: பாதுகாப்பவர், அறிந்தவர். நம் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலாவதை மட்டும் பார்க்கிறோம். சில வேளைகளில் அதையும் பார்ப்பதில்லை.

தவணை முடிந்து வாப்பாவும் மகனும் மீண்டும் வந்தார்கள். கண்டதைச் சொன்னோம். படிப்பு கூடும் என்றோம். தொழிலில் எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொன்னோம். பயிற்சிக்குச் சேரும் நாளிலேயே, "வங்கித் தணிக்கைக்கும் கடன் அறிக்கைக்கும் என்னை அனுப்பாதீர்கள், வேறு எந்த வேலையும் கூடுதலாகச் செய்கிறேன்" என்று வாய்திறந்து கேட்டுவிட வேண்டும் என்றோம். ஒரு தணிக்கையாளர் மறுத்தால் வேறொருவரைத் தேடலாம். ஏப்ரலில் போய்ச் சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு பையனிடம் கேட்டோம்: "ஏன் இந்தப் படிப்பு?" கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "சம்பளம் நன்றாக இருக்கும் ஹஜ்ரத். அப்புறம், மாமா கடைக்கு ஜி.எஸ்.டி. தப்பாகப் போட்டு அபராதம் வந்தது. யாரிடம் கேட்பது என்றே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை." சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று அலங்காரமாகச் சொல்லாமல், சம்பளத்தை முதலில் சொன்னது நமக்குப் பிடித்திருந்தது. ஹலாலான சம்பாத்தியத்தைத் தேடுவதும் நிய்யத்துக்குள் அடங்கியதுதான்.

எல்லாம் முடிந்தது என்று எண்ணி, பேச்சோடு பேச்சாக, பயிற்சி வகுப்புக்குப் பணம் எப்படி என்று கேட்டோம். வாப்பா சற்றும் தயங்காமல் சொன்னார்: "இவன் உம்மாவின் வளையலை வங்கியில் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்."

நாம் வாயடைத்துப் போனோம். நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின் இந்தப் பையன் எழுதப்போகும் கணக்கில் வட்டி வருமோ என்று ஒரு வாரமாகத் திண்ணையே கலங்கியது. இந்த மாதமே அந்த வீட்டுக்குள் நுழையவிருக்கும் வட்டியைப் பற்றி எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. வாப்பாவும் அதை நம்மிடம் மஸ்அலாவாகக் கொண்டுவரவில்லை. நகைக்கடன் அவ்வளவு பழகிப்போய்விட்டது. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை பயான்களில் வட்டியைப் பற்றி எத்தனையோ முறை பேசிய நாம், மகனின் படிப்புக்குப் பணமில்லாதவர் எங்கே போவார் என்று ஒருமுறையேனும் பேசியிருக்கிறோமா?

அன்றிரவே அந்தத் தணிக்கையாளரிடம் விசாரித்தோம். பாட நூல்கள், பழைய வினாக்களுக்கான மாதிரி விடைகள், மாதிரித் தேர்வுத் தாள்கள் அனைத்தையும் கழகமே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இலவச நேரலை வகுப்புகளும் உண்டு. அடிப்படைத் தேர்வுக்கு இவை போதும், உழைப்புதான் வேண்டும் என்றார் அவர். பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் மட்டும் எஞ்சின. அதற்கு பைத்துல்மாலில் கர்ளு ஹஸனாகக் கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் தவிர வேறெதற்கும் கொடுத்த வழக்கமில்லை என்று கூட்டத்தில் சொன்னார்கள். இரண்டு வாரம் பேச்சு நீண்டது. இறுதியில் பாதித் தொகைக்கு இசைந்தார்கள். மீதியை இருவர் தனிப்பட்ட முறையில் கொடுத்தார்கள். வளையல் இப்போது உம்மாவின் கையில்தான் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இதை வாசிக்கும் பெற்றோர் சிலர், தம் வீட்டுப் பெண் பிள்ளைகளை நினைக்கலாம். நமதூரில் வணிகவியலில் முதல் மதிப்பெண் எடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். அவர்களுக்காக இந்தக் கேள்வியோடு இதுவரை ஒரு வாப்பாகூட நம்மிடம் வந்ததில்லை என்பதை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறோம்.

முடிவெடுக்கும் முன் இஸ்திகாரா தொழுமாறு பையனிடம் சொல்லியிருந்தோம். மூன்று நாள் கழித்து வந்து, "கனவு ஒன்றும் வரவில்லை ஹஜ்ரத்" என்றான். கனவு வரவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் எங்கே சொன்னார்கள்? அல்லாஹ்விடம் நன்மையைக் கேட்டுவிட்டு, தெரிந்தவர்களிடம் ஆலோசித்து, காரியத்தில் இறங்க வேண்டியதுதான். தேர்வுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். கனவுக்காகக் காத்திருந்தால் அந்தத் தேதி போய்விடும்.

படிக்கும் முறையில் நம் மதரஸா வழக்கங்கள் இரண்டை அவனுக்குக் கற்றுக் கொடுத்தோம். ஒன்று முதாலஆ: நாளைய பாடத்தை இன்றே வாசித்து, புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு வகுப்பில் உட்காருவது. மற்றொன்று தக்ரார்: படித்ததை ஒரு தோழருக்கு ஆசிரியர் போல் எடுத்துச் சொல்வது. சொல்லும்போதுதான் தனக்குத் தெரியாதது எது என்று தெரியவரும். இவ்விரண்டையும் செய்பவருக்கு வணிகச் சட்டத் தாள் கடினமாக இராது. நம் பிள்ளைகள் தடுமாறுவது வேறிடத்தில். நாம் மனனத்தில் வல்லவர்கள், கடிகாரத்தை வைத்து எழுதிப் பழகியவர்கள் அல்லர். ஆங்கிலமும் கை கொடுக்காது. விடை தெரிந்தும் மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்காமல் தோற்பவர்கள் அநேகர். அடிப்படைத் தேர்வின் கணிதத் தாளிலும் பொருளியல் தாளிலும் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கவும் செய்வார்கள். தெரியாததை ஊகித்து நிரப்பினால் தெரிந்ததால் கிடைத்ததும் குறையும். ஸுபுஹுக்குப் பின் தூங்காமல் இரண்டு மணி நேரம், கையால் எழுதிப் பழகுமாறு சொல்லியிருக்கிறோம். உம்மத்தின் அதிகாலைப் பொழுதுக்காக நபியவர்கள் பரக்கத்தைக் கேட்டு துஆ செய்திருக்கிறார்கள்.

தேர்வு நெருங்கினால் பேனாவைக் கொண்டுவந்து ஓதி ஊதித் தரச் சொல்வார்கள். ஓதித்தான் கொடுக்கிறோம். "எத்தனை மாதிரித் தேர்வு எழுதினாய்?" என்றும் கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்தே இப்போது பேனா கொண்டுவருபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியைச் சிறு குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கிறோம். மாதிரித் தேர்வு எழுதுவதுதான் இங்கே ஒட்டகத்தைக் கட்டுவது.

தேர்வு பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. ஐந்து மணிக்கு வெளியே வந்தால் மஃரிபுக்கு முன் அஸரைத் தொழ நேரமிருக்கும். ஒளுச் செய்ய இடம் எங்கே என்று முதல் நாளே பார்த்து வைப்பது நல்லது. வெள்ளிக்கிழமை தேர்வு வந்தால்தான் சற்று நெருக்கடி. தேர்வு மையத்துக்கு அருகில் எந்தப் பள்ளியில் ஜும்ஆ முன்னதாக முடிகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கதீப் சகோதரர்களும் அந்த ஒரு வாரம் பயானைக் கொஞ்சம் சுருக்கினால் குற்றமில்லை.

முதல் முயற்சியில் இவன் தேறாமல் போகவும் கூடும். அதை வாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். "அப்போது ஊரில் என்ன சொல்வார்கள் ஹஜ்ரத்?" என்றார். ஊரில் சொல்பவர்கள் இந்தத் தேர்வின் நான்கு தாள்களின் பெயரைக்கூட அறியாதவர்கள். மறுபடியும் எழுதலாம், அடிப்படைத் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. தோற்றால் கடனைத் திருப்பிக் கேட்பீர்களா என்று பைத்துல்மால் செயலாளரிடமும் கேட்டு, கேட்கமாட்டோம், தவணை தருவோம் என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறோம். பகராவின் 282ஆம் வசனத்துக்குச் சற்று முன்னால் 280ஆம் வசனமும் இருக்கிறதல்லவா? நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும் வரை தவணை தருமாறு சொல்வது அதுதான்.

இப்போது அவன் ஸுபுஹுக்குப் பின் பள்ளியின் மேல்மாடியில் உட்கார்ந்து எழுதுகிறான். சென்ற வாரம் இயந்திரத்தின் தேய்மானத்தைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று நமக்குத் தக்ரார் செய்து காட்டினான். பாதிதான் விளங்கியது.

அன்று மாலை வளைகுடாவில் இருக்கும் நம் பழைய மாணவருக்குத் தொலைபேசியில் பேசினோம். நடந்ததைச் சொல்லி, "அன்று விசாரிக்காமல் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டோம், மன்னித்துவிடுங்கள்" என்றோம். அவர் பதறிப்போய், "என்ன ஹஜ்ரத், நீங்கள் போய் என்னிடம்..." என்று நிறுத்திவிட்டார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தத் தேர்வுக்கு வயது வரம்பு உண்டா ஹஜ்ரத்?" என்று கேட்டார். மறுநாள் விசாரித்து, இல்லை என்று சொன்னோம்.

வல்லாஹு அஃலம்.